நாற்கால் உயிர்களின் மரபு: ஏணியோ, மரமோ?

உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் பலர் கரும்பலகையிலே கீழிருந்து மேலாக ஒரு கோடு கீறுவர். அதன் அடியிலே மீனை வைப்பர், அதற்கு மேலே தவளை, பின்னர்ப் பல்லி, பின்னர்க் குரங்கு, முடிவிலே நிமிர்ந்து நிற்கும் மனிதன். கற்பித்தற்கு இஃது எளிய படம். மாணாக்கர் விரைவிலே மனத்திற் பதித்துக்கொள்வர். பரீட்சையிலும் பிழையின்றி வரைவர். ஆயினும், அப்படத்தினின்று அவர்கள் பெறுங் கருத்து யாது? மீன் மனிதனாவதற்கு முயன்று வழியிலே நின்றுவிட்டது. தவளை அதனினுஞ் சிறிது முன்னேறியது. மனிதனே அம்முயற்சியை முற்றுவித்தவன் என்பதாம். இக்கருத்துப் பொய். அப்பொய்யினின்று ஒழுக்கத்துக்குக் கேடு விளைக்கும் வேறொரு பொய்யும் முளைக்கின்றது. ஆதலின், ஆசிரியர்களாகிய நாம் அமைதியாக ஆராய்தற்குரிய வினா ஒன்று உண்டு. பிறப்பின் வரலாறு ஓருயிரை உயர்ந்ததென்றும் மற்றோருயிரைத் தாழ்ந்ததென்றுந் துணிதற்குச் சான்றாகுமோ? நமது பாடநூல்கள் கூர்ப்பு என்றும், தமிழகத்தார் பரிணாமம் என்றும் வழங்கும் பாடத்திலே, நாற்கால் உயிர்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், நாற்கால் உயிர் என்றது யாதென வரையறுத்துக்கொள்வோம். முள்ளந்தண்டுடைய பிராணிகளுள், இரண்டு சோடி அவயவங்களும் அவற்றின் நுனியிலே விரல்களும் உடைய பண்டை முன்னோரினின்று வழிவந்தன யாவும் இப்பெயர் பெறும். தவளை முதலிய ஈரூடகவாழிகளும், ஆமை பல்லி பாம்பு முதலை முதலிய ஊர்வனவும், பறவைகளும், முலையூட்டிகளும் இதனுள் அடங்கும். இன்று அறியப்பட்டுள்ள ஈரூடகவாழி இனங்கள் 8,000இற்கு மேற்பட்டவை. ஊர்வன ஏறத்தாழ 12,000. பறவைகள் ஏறத்தாழ 11,000. முலையூட்டிகள் 6,000இற்கு மேற்பட்டவை. இத்துணைப் பெருங்குடும்பத்திலே மனிதன் ஓர் இனம்.

பெயரைக் கேட்டவளவிலே ஓர் ஐயம் நிகழும். பாம்புக்குக் கால் ஏது? பறவைக்கு இரண்டு கால்களன்றோ உள? திமிங்கிலம் கடலிலே நீந்துவதன்றோ எனின், கூறுதும். இப்பெயர் கால்களை எண்ணி இடப்பட்டதன்று. மரபை நோக்கி இடப்பட்டது. தந்தையின் ஊரைவிட்டு நீங்கிய மகனும் அக்குடியைச் சேர்ந்தவனே. மலைப்பாம்பின் கழிவாயிலின் இருமருங்கும் நகம்போன்ற இரண்டு சிறு முட்கள் உள. அவை அதன் முன்னோர்க்கு இருந்த பின்னங்கால்களின் எச்சம். பறவையின் சிறகு அதன் முன்னங்கால். திமிங்கிலத்தின் உடலினுள்ளே, வெளியே தோன்றாதபடி, இடுப்பென்பின் எச்சம் கிடக்கின்றது. மன்னார்க் குடாக்கடலிலே அருகி வாழும் கடற்பசுவுக்கு நிலத்திலே நெருங்கிய உறவு யானையாம். நமது இலங்கையின் ஈரநிலங்களிலே மண்ணுக்குள் வாழும் காலில்லா ஈரூடகவாழி ஒன்று உண்டு. காண்பார் அதனை மண்புழுவென்றோ சிறு பாம்பென்றோ மயங்குவர். சுவிற்சலாந்து நாட்டினராகிய போல் சாரசின், பிரித்ஸ் சாரசின் என்னும் இருவர் 1880களிலே இங்கு வந்து, அதன் முட்டையும் வளர்ச்சியும் எத்தகையன என ஆராய்ந்து நூல் எழுதினர். தாய் தன் முட்டைத் திரளைச் சுற்றி வளைந்து கிடந்து காக்கும். புழுவென்று மிதிக்கப்படும் அவ்வுயிரும் நாற்கால் மரபிலே பிறந்ததே.

இம்மரபு ஒன்றென்பதற்குச் சான்று யாதெனின், ஒவ்வொருவரும் தத்தங் கையைத் தடவி அறியலாம். தோளிலிருந்து முழங்கை வரையும் ஓரென்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையும் ஆரை, அரந்தி என இரண்டு, மணிக்கட்டிலே சிற்றென்புகள் பல, அவற்றின்மேல் விரல்கள். வௌவாலின் சிறகிலே இம்முறையே உள்ளது. விரல்கள் மாத்திரம் மிக நீண்டு தோலைத் தாங்கி நிற்கும். திமிங்கிலத்தின் துடுப்பினுள்ளும் இம்முறையே. குதிரை நடுவிரல் ஒன்றினாலேயே நிலத்தை மிதிக்கின்றது. ஒட்டகச்சிவிங்கியின் நெடிய கழுத்திலும், திமிங்கிலத்தின் குறுகிய கழுத்திலும், நமது கழுத்திலும் என்புகள் ஏழே. பறத்தற்கும் நீந்துதற்கும் ஓடுதற்கும் எழுதுதற்கும் வெவ்வேறு கருவிகளைப் புதிதாகச் செய்பவன் ஒருவன் ஒரே அச்சினைப் பற்றிக்கொண்டு இடர்ப்படான். இவ்வொற்றுமையை இங்கிலாந்து நாட்டு ரிச்சட் ஓவென் என்னும் உடற்கூற்று வல்லுநர் 1849ஆம் ஆண்டிலே தனி நூலாக விரித்தார். அதற்குக் காரணம் ஒரு முன்னோரின் வழித்தோன்றலே என்பதை 1859ஆம் ஆண்டிலே சாள்ஸ் டாவின் நிலைநாட்டினார்.

செவியினுள்ளே இருக்குஞ் சான்று இதனினும் வியப்புடையது. நமது நடுச்செவியிலே சிற்றென்புகள் மூன்று உள. அவற்றுள் இரண்டு, ஊர்வனவற்றிலே தாடை பொருந்தும் மூட்டாய் அமைந்த என்புகளே என்பதைக் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்து 1837ஆம் ஆண்டிலே ரைக்கேட் என்னும் ஜேர்மானியர் கண்டார். பின்னர், அவ்வென்புகள் தாடையினின்று சிறிது சிறிதாக விலகிச் செவியைச் சார்ந்தமையைக் காட்டும் உயிர்ச்சுவடுகளும் கிடைத்தன. ஆசிரியர் உரைக்குஞ் சொல்லை மாணாக்கன் கேட்பது, ஒருகாலத்திலே இரையைக் கவ்விய என்புகளின் உதவியினாலேயாம்.

இனி, மீனினின்று நாற்கால் மரபு தோன்றிய வகையை நோக்குவோம். முன்னாளிலே அறிஞர் பலர், குளங்கள் வற்றியபோது மீன்கள் தண்ணீரைத் தேடித் தரையிலே தவழ்ந்தன எனவும், தவழ்ந்தமையாலே கால்கள் உண்டாயின எனவுங் கருதினர். இக்கருத்தை மாற்றிய சான்றுகள் கிறீன்லாந்தின் பனி சூழ்ந்த மலைகளிலே கிடைத்தன. இக்தியோஸ்தேகா என்னும் பிராணியின் உயிர்ச்சுவட்டுக்கு 1932ஆம் ஆண்டிலே பெயரிடப்பட்டது. ஜெனி கிளாக் என்னும் ஆங்கிலேய அம்மையார் 1987ஆம் ஆண்டிலே அந்நாட்டுக்குச் சென்று, அக்காந்தோஸ்தேகா என்னும் மற்றொன்றின் செவ்விய உயிர்ச்சுவடுகளைக் கொணர்ந்தார். ஏறத்தாழ 36 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த அப்பிராணிக்குக் கால்களும் விரல்களும் இருந்தன. நீரிலே சுவாசித்தற்குரிய செவுளும் இருந்தது. அதன் கால்கள் தரையிலே உடலைத் தாங்கும் வலியுடையன அல்ல. அதன் கையிலே விரல்கள் எட்டு என்பதும், இக்தியோஸ்தேகாவின் பின்னங்காலிலே விரல்கள் ஏழு என்பதும் 1990ஆம் ஆண்டிலே வெளிப்பட்டன. ஐந்து என்னும் எண் ஆதியிலேயே விதிக்கப்பட்டதன்று.

இதனாற் பெறப்படுவது யாது? கால் நீரிலே தோன்றிற்று. நீர்ப்பூண்டு செறிந்த ஆழமற்ற இடங்களிலே வாழ்தற்கு அஃது உதவிற்று. பின்னரே அது தரையிலே நடத்தற்குப் பயன்பட்டது. நிலத்தை நோக்கிய பயணத்துக்கென எந்த மீனும் ஆயத்தஞ் செய்யவில்லை. அன்றைய வாழ்க்கைக்கு உதவியது நாளைய வாழ்க்கைக்கும் உதவிற்று, அவ்வளவே.

இவ்வறிவு பெறப்பட்ட முறையையும் மாணாக்கர்க்குக் காட்டுதல் வேண்டும். புகையைக் கண்டு தீ உண்டெனத் துணிதல் கருதலளவை என்பதை நாம் அறிவோம். 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலே மீன்கள் காணப்பட்டன. 36 கோடியே 50 இலட்சம் ஆண்டுப் பாறைகளிலே விரலுடைய பிராணிகள் காணப்பட்டன. ஆகவே இடைப்பட்ட காலத்துப் பாறையிலே இடைப்பட்ட உருவம் இருத்தல் வேண்டும் எனத் துணிந்து, நீல் ஷூபின், எட்வட் டெஷ்லர் முதலிய அமெரிக்க அறிஞர்கள் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் பலமுறை சென்றனர். 2004ஆம் ஆண்டிலே அவர்கள் தேடியது கிடைத்தது. 2006ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. செதிளும் செட்டையும் உடைய அம்மீனுக்கு அசையுங் கழுத்தும், செட்டையினுள்ளே புயவென்பும் ஆரையும் அரந்தியும் இருந்தன. அதன் வயது ஏறத்தாழ 37 கோடியே 50 இலட்சம் ஆண்டுகள். அந்நிலத்துப் பழங்குடியினராகிய இனூயிற் முதியோரைக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே டிக்டாலிக் எனப் பெயரிட்டனர்.

ஆயினும், அதனையே நாற்கால் உயிர்களின் நேர்ப்பாட்டனெனக் கூறிவிடலாகாது. போலந்து நாட்டிலே ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையிலே காலடிச் சுவடுகள் காணப்பட்டன என 2010ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. அவை நாற்கால் உயிரினுடையனவோ என்பதிலே அறிஞரிடையே பிணக்கு உண்டு. அவ்வாறாயின், டிக்டாலிக் நமது பாட்டனின் உடன்பிறந்தார் வழியைச் சேர்ந்து, பழைய வடிவத்தை நெடுங்காலங் காத்து நின்றதாதல் வேண்டும். கிளைகள் பல ஒருங்கே வளர்ந்தன. அவற்றுள் சில அற்றொழிந்தன. சில இன்றும் உள. இவ்வுருவத்துக்கு ஏணி என்னும் பெயர் பொருந்தாது. மரம் என்பதே பொருந்தும்.

ஏணிக்கும் மரத்துக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. ஏணியிலே ஒருபடி மற்றொரு படிக்குக் கீழே நிற்கும். கீழ்ப்படி மேற்படிக்காகவே உள்ளது. மரத்திலே இன்றுள்ள தளிர்கள் யாவும் ஒரே வேரினின்று ஒரே காலம் வளர்ந்தவை. 1938ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே தென்னாபிரிக்கக் கடலிலே சீலக்காந்து என்னும் மீன் பிடிபட்டது. ஈஸ்ட் இலண்டன் நகரத்து நூதனசாலையைப் பார்த்துவந்த மாஜரி கோட்னி லற்றிமர் அம்மையார் அதனைக் காத்துவைத்தார், ஜே. எல். பி. ஸ்மித் என்னும் அறிஞர் அஃது இன்னதெனத் துணிந்தார். அவ்வினம் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே அற்றதென எண்ணியிருந்த உலகம் வியந்தது. நமது பாட்டனே உயிரோடு வந்துவிட்டான் எனப் பலர் கூறினர். 2013ஆம் ஆண்டிலே அதன் பாரம்பரியப் பொருள் முழுதும் ஆராயப்பட்டபோது, அதனினும் நமக்கு நெருங்கிய உறவு நுரையீரல் மீனே என்பது உறுதியாயிற்று. அந்நுரையீரல் மீன் பாரை மீனுக்கு உறவாவதினும் பசுவுக்கும் நமக்கும் நெருங்கிய உறவாம். மீன் என ஒரு சொல்லால் நாம் அடக்கியது நமது வசதிக்காகவேயன்றி, அவற்றின் மரபை அறிந்தன்று.

தவளையை நோக்குக. அது மனிதனுக்கு முந்திய படியாயின், அப்படியிலேயே அசையாது நிற்றல் வேண்டும். நமது இலங்கையின் மழைக்காடுகளிலே வாழும் சிறு மரத்தவளைகள் பலவற்றிலே வாற்பேய் என்னும் நிலையே இல்லை. முட்டையினின்று சிறு தவளையே வெளிப்படும். நீர்நிலையை வேண்டாது இலைச்சருகினிடையே இனத்தைப் பெருக்கும் இவ்வாற்றல் அவற்றின் மரபிலே பின்னர் உண்டாகியது. நமக்கும் தவளைக்கும் பொதுவாகிய முன்னோரினின்று நாம் கடந்துவந்த காலம் எவ்வளவோ, தவளை கடந்துவந்த காலமும் அவ்வளவே. திமிங்கிலத்தின் முன்னோர் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்திலே நடந்தனர். அவர்களின் உயிர்ச்சுவடுகள் பாகிஸ்தானிலே கிடைத்தன. நிலத்தைவிட்டுக் கடலுக்கு மீண்டமையாலே திமிங்கிலத்தைப் பின்னடைந்தது என்பார் யாவர்? காலை இழந்த பாம்பு இன்று ஏறத்தாழ 4,000 இனங்களாகப் பரந்துள்ளது. பின்னடைவு என்னுஞ் சொல் ஏணியை நினைந்து பிறந்த சொல்.

நமது சரீரந்தானும் குறைவற முற்றிய சரீரமன்று. உண்ணும்போது புரையேறினால், யாரோ நினைக்கின்றனர் என வீட்டார் கூறுவர். உண்மையில், உணவு செல்லும் வழியும் காற்றுச் செல்லும் வழியும் தொண்டையிலே ஒன்றையொன்று கடப்பதே காரணம். பண்டை மீன்களிலே உணவுக்குழாயின் கிளையாக நுரையீரல் அரும்பியது. அதன் வழி வந்த நாம் அவ்விடரையும் பெற்றோம். புதிதாக அமைப்பவன் ஒருவன் இவ்விரு வழிகளையும் வேறாக்கியே அமைத்திருப்பான். பழைய வீட்டிலே இடைச்சுவரை இடித்தும் வாயிலை மாற்றியும் வாழும் குடும்பம்போல, உயிர்கள் தமக்குக் கிடைத்த உடம்பைத் திருத்தி வாழ்கின்றன.

இத்துணையும் உயிரியலின் செய்தி. இனி, அறத்தின் செய்திக்கு வருவோம். மேனாட்டிலே பண்டைக்காலந்தொட்டுக் கல், புல், விலங்கு, மனிதன், தேவன் என உயிர்களையும் பொருள்களையும் ஒரு படிவரிசையிலே நிறுத்தும் வழக்கம் இருந்தது. கூர்ப்பு என்னும் உண்மை வெளிப்பட்டபோது, அதனைக் கற்றோர் பலர் பழைய ஏணியைக் கைவிடாது, அதன்மேலேயே புதிய உண்மையைச் சாத்திவைத்தனர். தக்கது பிழைக்கும் என்னுங் கருத்திலே ஹேபேட் ஸ்பென்சர் 1864ஆம் ஆண்டிலே ஒரு தொடரை ஆக்கினார். பிறர் அதனை மனிதர் வாழ்க்கைக்கு விதியாக எடுத்துக்கொண்டனர். விலங்குகளை ஏணியிலே வைத்தோர் அடுத்து மனிதரையும் அவ்வேணியிலே வைத்தனர்.

அதன் பயனை ஒரு வரலாற்றாலே காட்டுவோம். 1906ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, நியூயோர்க் நகரத்துப் பிரொங்ஸ் மிருகக்காட்சிச்சாலையிலே, கொங்கோ நாட்டினராகிய ஓட்டா பெங்கா என்னும் இளைஞரைக் குரங்குகளின் கூட்டத்திலே ஓர் ஒராங்குட்டானோடு சேர்த்து மக்களுக்குக் காட்டினர். திரள்திரளாக மக்கள் வந்து கண்டு நகைத்தனர். கறுப்பினப் போதகர்கள் எழுந்து எதிர்த்தமையால், சில நாட்களிலே அக்காட்சி நிறுத்தப்பட்டது. அவர் தம் நாடு திரும்பும் வகையறியாது, 1916ஆம் ஆண்டிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அச்சாலையை நடத்துஞ் சங்கத்தார் 2020ஆம் ஆண்டிலே வருத்தந் தெரிவித்தனர். அவரைக் கூட்டில் இருத்தியோர் கல்லாதவரல்லர், கல்வியாற் பெயர்பெற்றோர். மனிதருள்ளும் கீழ்ப்படி மேற்படி உண்டென்னும் மயக்கமே அவர் கண்ணை மறைத்தது.

இது பிறநாட்டார் குற்றமென நாம் இருந்துவிடலாகாது. பிறப்பைக் காட்டிப் பிள்ளைகளைத் தரையிலும் வாங்கிலுமாக வேறுவேறாக இருத்திய வகுப்பறைகள் நமது யாழ்ப்பாணத்திலும் இருந்தன. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், சம ஆசனம் என்னும் நீதிக்காக இங்கு பெரும் பிணக்கு நிகழ்ந்தது. அவ்வழக்கம் கூர்ப்புப் பாடத்தினின்று வந்ததன்று. அதனினும் மிகப் பழையது. ஆயினும் இரண்டற்கும் அடியிலே கிடக்கும் பிழை ஒன்றே. ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதை அறிந்தவுடன், அவன் எத்தகையன் என்பதையும் அறிந்துவிட்டதாக எண்ணுதலே அப்பிழை.

ஈண்டு இரண்டு தடைகள் நிகழக்கூடும். முதலாவது தடை: மனிதனுந் தவளையும் ஒரு மரபினராயின், மனிதனுக்குத் தனியறம் ஏது? பெரியது சிறியதை விழுங்கும் விலங்கின் முறையையே அவனும் பின்பற்றலாமன்றோ எனின், அற்றன்று. ஒன்று தோன்றியவாறு கூறுதல் வேறு. அது நடக்கவேண்டியவாறு கூறுதல் வேறு. சேற்றிலே தோன்றினமையால் தாமரைக்கு இழுக்கில்லை. சேற்றிலே தோன்றிற்று என்பதனால், மாலையாகத் தொடுத்தபின்னும் அதனைச் சேற்றிலேயே இடவேண்டும் என்பாரும் இல்லை. செவியென்பு தாடையென்பாயிருந்தது என்பதனாலே, செவியாற் கடிக்கவேண்டும் என்று எவரும் வாதியார். அன்றியும், அக்குடும்பத்திலே விழுங்குதல் மாத்திரம் நிகழ்வதன்று. முட்டையைச் சுற்றிக் கிடந்து காக்குந் தாயும் அக்குடும்பத்தினளே.

இரண்டாவது தடை: ஏணி இல்லையாயின், மனிதனுந் தவளையும் ஒரு தன்மையரோ? மனிதப் பிள்ளையையும் வாற்பேயையும் ஒருங்கு வைத்தெண்ணுவதோ? தொல்காப்பியனாரும் மரபியலிலே உயிர்களை ஓரறிவுமுதல் ஆறறிவுவரை வகுத்து, மனிதனுக்கு மனத்தை ஆறாவதாகக் கூறினாரன்றோ எனின், நன்று வினவினீர். ஆசிரியர் அங்கே எண்ணியது அறியும் வாயில்களை. இவ்வுயிரினின்று இவ்வுயிர் வந்தது என அவர் கூறவில்லை. ஆறறிவுடையது ஏனையவற்றை இகழலாம் எனவுங் கூறவில்லை. வேற்றுமை உண்டென்பதை நாம் மறுக்கின்றிலேம். வௌவால் இருளிலே தன் குரலின் எதிரொலியைக் கேட்டு வழியறிகின்றது; நாம் அறியோம். பறவைகள் பல கண்டங்களைக் கடந்து பறந்து தம் கூட்டுக்கு மீள்கின்றன. நாம் கருவியின்றி அது செய்யோம். நமக்கு உரியது நன்றுந் தீதும் ஆராயும் மனம். அஃது ஏறி அமருதற்கு இட்ட ஆசனமன்று, இறுத்தற்குரிய கடன்.

அக்கடன் யாதென நமது நாட்டுத் தவளைகளே காட்டும். இலங்கைக்கே உரிய மரத்தவளைகளுள் ஏறத்தாழ 20 இனங்கள் அற்றுப்போயின எனக் கணிக்கப்பட்டுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தவளைகள் வாழ்ந்த ஈரச்சருகும் அவற்றோடு அழிந்தது. அவற்றுள் பலவற்றை இன்று நூதனசாலைப் புட்டிகளிலேயே காணலாம். இலங்கையிற் பிறந்த வைத்தியராகிய கெலாட் என்பவர் 1853ஆம் ஆண்டிலே பெயரிட்ட ஒரு மரத்தவளை, அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாது, அற்றதென எண்ணப்பட்டு, 2009ஆம் ஆண்டிலே சிவனொளிபாதமலைக் காட்டிலே மீளவுங் காணப்பட்டது. அனைத்துக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. உலகிலுள்ள ஈரூடகவாழி இனங்களுள் நூற்றுக்கு 41 பங்கு அழியும் அபாயத்தில் உள்ளன என 2023ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வு கூறுகின்றது. ஓரினத்தை வேரோடு அழிக்கவும், அழிக்கின்றேன் என அறியவும், அறிந்தபின் கையை மீட்கவும் வல்லவன் மனிதன் ஒருவனே. ஆறாவது அறிவின் பொருள் இதுவாம்.

மற்றுமொரு மயக்கத்தையும் இவ்விடத்திலே விலக்குதல் நன்று. மீன், ஆமை, பன்றி எனப் புராணங்கூறும் அவதார வரிசை கூர்ப்பையே முன்னறிந்து கூறிற்று என மேடைகளிலே பேசுவார் உளர். ஆமை பன்றிக்கு முன்னோரன்று. ஆமைக்கும் பன்றிக்கும் பொதுவாகிய முன்னோர் இரண்டினும் வேறு. பிறவிகளைப் பற்றி நமது நூல்கள் கூறுவன உயிரின் பயணத்தைப் பற்றியன. உயிரியல் கூறுவன உடலின் மரபைப் பற்றியன. ஒன்றனுக்கு மற்றொன்றைச் சாட்சியாக இழுத்தால் இரண்டும் கெடும். தராசினாலே தூரத்தை அளப்பாரும் முழக்கோலினாலே நிறையை அளப்பாரும் இல்லை. நமது சமயத்துக்கு உயிரியலார் நற்சாட்சிப் பத்திரம் எழுதித்தர வேண்டுவதில்லை. உயிரியலுக்கும் நாம் எழுதித்தர வேண்டுவதில்லை. உள்ளதை உள்ளவாறு கற்பித்தலே ஆசிரியனுக்கு அழகு.

ஆதலின், வகுப்பறையிலே செய்யத்தக்கன சில கூறி முடிப்போம். மேல்நோக்கிய கோட்டை அழித்து, கிளைத்துப் பரந்த ஒரு மரத்தை வரைக. மனிதனை உச்சியில் வையாது, கிளைகளுள் ஒன்றின் நுனியில் வைக்க. மாணாக்கரைத் தத்தங் கையைத் தடவச் செய்து, வௌவால், திமிங்கிலம், குதிரை, பறவை ஆகியவற்றின் என்புப் படங்களிலே அதே என்புகளைத் தேடச் செய்க. எது உயர்ந்தது என வினவுதலை ஒழித்து, எது எவ்வாழ்க்கைக்குத் தக்கது, எது எதனோடு எக்காலத்திலே பிரிந்தது என வினவுக. மழைக்காலத்திலே பாடசாலைக் கேணியடியிலே கத்துந் தவளையைக் கல்லெறிந்து துரத்தாது, எத்தனை வகைக் குரல் கேட்கின்றது என எண்ணச் செய்க. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை.

இவற்றினும் எளியதும், ஆயினும் நம்மிற் பலர்க்கு அரியதுமாகிய ஒன்று உண்டு. கணக்கிலே தவறிய பிள்ளையை மாடே என்றும், வாங்கிலே துள்ளிய பிள்ளையைக் குரங்கே என்றும் அழைக்கும் வழக்கத்தை விடுதல் வேண்டும். அவ்வசை பிள்ளைக்கும் இழுக்கு, மாட்டுக்கும் இழுக்கு. ஏணியை நம்புபவன் வாயிலிருந்தே அச்சொல் பிறக்கும். மெல்லக் கற்கும் பிள்ளை விரைந்து கற்கும் பிள்ளைக்குக் கீழ்ப்படியல்லன்; அவன் வேறொரு கிளை. எந்தக் கிளை எக்காலத்திலே பூக்கும் என்பதை, எட்டு விரலோடு சேற்றுநீரிலே கிடந்த அப்பண்டைப் பிராணியைக் கண்டு ஒருவராலுங் கூறியிருக்க முடியாது. அதனை நினைந்து, நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் பொறுமையோடு வளர்ப்போமாக.